கேன் தண்ணியா, மெஷினா, கொதிக்க வைத்த மெட்ரோ தண்ணியா: வடசென்னை வீட்டுக்கு எது சரி?

வெயில் ஏற ஆரம்பித்தால் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கேன் தண்ணியே போட்டுக்கொள்ளலாமா, தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஒரு மெஷின் மாட்டிவிடலாமா, இல்லை குடிநீர் வாரியம் குழாயில் விடுகிற மெட்ரோ தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எங்கே போனாலும் கேள்வி இதுதான், பதில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலானவர்கள் சுத்தத்தையும் விலையையும் வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் நான் கேட்பது வேறு: அந்தத் தண்ணீரை வீட்டில் இருக்கிற எல்லாரும், முக்கியமாகப் பெண்களும் வயதானவர்களும், தீர்ந்துவிடுமோ என்று யோசிக்காமல் எடுத்துக் குடிப்பார்களா?

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்கள் பலர் மறந்துபோய்க் குறைப்பதில்லை, கணக்குப் பார்த்துக் குறைக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி கேன் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது, அடுத்தது திங்கட்கிழமைதான் வரும் என்றால், பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு அந்த வீட்டு அம்மா அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வார். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் இருக்கிற அக்கா, கீழே அடிபம்பில் பிடித்த குடத்தை, நிறைந்தால் சுமார் 15 கிலோ இருக்கும் அதை, இடுப்பில் வைத்துப் படியேறி வந்து, சமையலுக்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது தான் குடிக்கிற பங்கைத்தான் முதலில் குறைப்பார். எவ்வளவு சுத்தமான தண்ணீராக இருந்தாலும் இப்படி அளந்து குடித்தால் உடம்புக்குப் போதாது.

உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களின் உடல் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் சொன்ன கணக்கு, ஒரு நாளைக்கு மொத்தம் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். இதில் சாப்பாட்டில் இருந்து வருவதும் சேர்த்தி. நம் சாப்பாட்டில் சோறு, ரசம், மோர், காய்கறி என்று நிறையத் தண்ணீர் உள்ளே போய்விடும், அதனால் டம்ளரில் குடிக்க வேண்டியது அந்த மொத்தத்தைவிடக் குறைவுதான். ஆனால் அது மிதமான வெப்பத்தில் இருக்கிற ஆட்களுக்குப் போட்ட கணக்கு. மே மாதம் காசிமேட்டிலோ ஹார்பர் பக்கமோ சுமை தூக்குகிறவருக்கு அது பொருந்தாது. கடுமையான வேலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலேகூட வியர்வை போகும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது, மேலும் வியர்க்கும். அதனால் எட்டு டம்ளர் என்கிற பொதுக்கணக்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி போடாதீர்கள். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள்: வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்த மஞ்சள் என்றால் தண்ணீர் பத்தவில்லை. பி-காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், அந்த மாத்திரையே மஞ்சளாக்கிவிடும்.

சக்தி விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கலோரி கிடையாது, அது நேரடியாக எந்தச் சக்தியையும் தராது. ஆனால் உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் தண்ணீர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, எரிச்சல், கவனம் சிதறுதல் எல்லாம் வரும். 60 கிலோ ஆளுக்கு அது 600 மில்லியில் இருந்து 1.2 லிட்டர் வரை, காலையில் இருந்து ஒரு டீயோடு ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு மதியத்துக்குள் அவ்வளவு குறைந்துவிடும். மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது என்று அடுத்த டீயைத் தேடுகிறவர்கள், முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பத்து இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும்தான், டீ குடித்தால் உடம்பு காய்ந்துவிடும் என்பது சரியில்லை. ஒவ்வொரு தாகத்துக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை உள்ளே போவதுதான் பிரச்சினை.

பெண்களுக்கு இது சோர்வோடு நிற்பதில்லை. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2018-ல் வெளியானது. பாதிப் பேர் வழக்கத்தைவிடத் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, பழையபடியே குடித்தவர்களுக்கு 3.2 முறை. மருந்தில்லாமல், தண்ணீரால் மட்டுமே கிட்டத்தட்டப் பாதி. சிறுநீரகக் கல் ஒரு முறை வந்தவர்களுக்குச் சிறுநீரக மருத்துவர்களின் வழிகாட்டுதல் இன்னும் கறாரானது: ஒரு நாளைக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போக வேண்டும், அதற்கேற்ற அளவு குடிக்க வேண்டும். ஒரு 20 லிட்டர் கேனை நான்கு பேர் இரண்டு நாள் ஓட்டுகிற வீட்டில், சமையலுக்கும் அதிலிருந்தே எடுத்தால், இது நடக்கவே நடக்காது.

சரி, தண்ணீர் வகைகளுக்கு வருவோம். மெட்ரோ தண்ணியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பலர் அதைச் சோதித்தும் பார்க்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். 1772-ல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்கத் தோண்டிய ஏழு கிணறு நம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு பேட்டையே அந்தப் பெயரில் இருக்கிறது. இன்று நமக்கு வருவது புழல் ஏரித் தண்ணீரும், மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-ல் இருந்து ஓடுகிற கடல்நீர் ஆலையின் தண்ணீரும். அந்த ஆலை ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கிற அளவுக்குக் கட்டியது, அதில் பெரும்பங்கு வடசென்னைக்குத்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், அதை எடுப்பதற்கு அங்கே நடப்பது ஆர்.ஓ. தான், நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை வடிப்பது, நாம் சுவரில் மாட்டுகிற மெஷினில் நடக்கிற அதே வேலை, பெரிய அளவில். அதாவது உங்கள் குழாயில் அந்தத் தண்ணீர் வருகிறது என்றால் அது ஏற்கெனவே ஒரு முறை ஆர்.ஓ. ஆகித்தான் வருகிறது. அதைத் திரும்பவும் வீட்டில் ஆர்.ஓ. செய்வது காசுக்கும் தண்ணீருக்கும் நஷ்டம்.

குளோரின் வாடை அடிக்கிறது, அதனால் பிடிக்கவில்லை என்கிறவர்கள் நிறைய. அந்த வாடை ஒரு நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் கடைசி வீடு வரைக்கும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம், வழியில் கிருமி சேர்ந்தால் அதைக் கொல்வதற்குத்தான் அது. அகலமான பாத்திரத்தில் மெல்லிய துணி போட்டு மூடி கொஞ்ச நேரம் வைத்தால் வாடை போய்விடும், கொதிக்க வைத்தாலும் போய்விடும்.

மெட்ரோ தண்ணியின் உண்மையான பலவீனம் நம் தெருவுக்குக் கீழே இருக்கிறது. ஏரியிலோ ஆலையிலோ சுத்தமாகக் கிளம்பிய தண்ணீர் பழைய குழாய் வழியாக வருகிறது, பல தெருக்களில் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போகிறது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கும், வெளியில் இருக்கிறது உள்ளே வராது. ஆனால் நமக்கு சில மணி நேரம்தான் விடுகிறார்கள், மற்ற நேரம் குழாய் காலி. அந்த நேரத்தில் விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே இறங்கிவிடும். அது போதாதென்று யாராவது நேராகக் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சினால், அந்த உறிஞ்சலே பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். மோட்டார் போடுகிற வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் வருகிறது, அவர்கள் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். தண்ணீர் விட்டதும் முதலில் வருகிற ஒன்றிரண்டு குடத்தைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு அப்புறம் வருவதைக் குடிக்கப் பிடியுங்கள். நாற்றமோ கறுப்போ தெரிந்தால் கொதிக்க வைத்தும் குடிக்க வேண்டாம், குடிநீர் வாரியத்தின் 1916-க்கு ஃபோன் செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து நான்கு வீட்டையும் தனித்தனியாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

நாற்றமில்லாமல், தெளிவாக வருகிற மெட்ரோ தண்ணி என்றால் கொதிக்க வைப்பது போதும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் இருந்தால் வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, மஞ்சள்காமாலை கொண்டுவருகிற கிருமிகள் செத்துவிடும். பத்து நிமிடம், இருபது நிமிடம் எரிக்க வேண்டாம், கேஸ்தான் வீண். கொதித்ததை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள், கழுவாத இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் செய்த வேலை எல்லாம் போச்சு. செலவைப் போட்டுப் பார்த்தேன்: தினம் 10 லிட்டர் கொதிக்க வைத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ கால் சிலிண்டர் ஆகும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தாலும் 225 ரூபாய். மூன்று வழிகளில் இதுதான் மலிவு. சிரமம் எங்கே என்றால், மே மாதம் சின்ன வீட்டில் அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்தால் வீடே வெந்துபோகும், அந்த வேலையும் பெண்கள் தலையில்தான் விழும். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கொதிக்க வைத்து மூடிவிட்டுப் படுத்தால் காலையில் ஆறியிருக்கும். வீட்டு ஆண்கள் இந்த ஒரு வேலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ளலாம், பழகினால் பத்து நிமிட வேலை.

ஆறிய தண்ணீரை ஊற்றி வைக்க மண்பானை நல்லது. கொசப்பேட்டையில் பானை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், வெயில் வந்தால் எல்லா மார்க்கெட்டிலும் பானை வந்துவிடும். பானையின் மேல் கசிகிற ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது, நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் உள்மாவட்டங்களில் குளிர்கிற அளவுக்கு இங்கே குளிராது. இருந்தாலும் கேனில் இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும், குளிர்ச்சியாக இருந்தால் ஆட்கள் இன்னொரு டம்ளர் சேர்த்துக் குடிக்கிறார்கள், எனக்கு அதுதான் வேண்டும். குழாய் வைத்த பானையாகப் பார்த்து வாங்குங்கள். வாய் திறந்த பானையில் டம்ளரையும் கையையும் விட்டு மொண்டால், கொதிக்க வைத்துக் கொன்ற கிருமி விரல் வழியாகத் திரும்ப உள்ளே போய்விடும்.

அடுத்து கேன். இதன் பெரிய பலம் வாசலுக்கே வருவது. வாடகை வீட்டில் சுவரில் ஓட்டை போடவிட மாட்டார்கள், சின்ன வீட்டில் மெஷினுக்கு இடம் இருக்காது, மெட்ரோ குழாயே இல்லாத சந்துகளும் இருக்கின்றன. இவர்களுக்கெல்லாம் கேன் ஒரு நல்ல வழி, அதில் எந்தத் தவறும் இல்லை. 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த கோடையில் பல வீடுகளைக் காப்பாற்றியது கேன்தான். ஆனால் கேனுக்குள் இருப்பது வேறு ஏதோ உயர்ந்த வகைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் எங்கேயோ எடுத்த போர் தண்ணியை, அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணியை, ஆர்.ஓ. செய்து நிரப்பியதுதான். நல்லதாகச் செய்தால் நல்ல தண்ணீர். செய்தார்களா என்று உங்களால் பார்க்க முடிவது மூடியின் சீல், அதில் இருக்கிற தேதி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை மட்டும்தான். பெயரே இல்லாத, மூடியில் வெறும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய கேனை பத்து ரூபாய் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள். கேன்களை வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற கடையையும் தவிர்த்துவிடுங்கள். உள்ளே பச்சை படிந்திருந்தால் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கேன் போடுகிற அண்ணன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவர் தூக்கி வருகிறவர்தான், நிரப்புகிறவர் இல்லை.

கேனில் கவனிக்காமல் விடுகிற இடம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. கேனைக் கவிழ்த்து வைக்கிற டப்பாவும் அதன் குழாயும், இல்லாவிட்டால் மேலே பொருத்துகிற கைப்பம்பும், மாதக்கணக்கில் கழுவாமல் கிடக்கும். விரலை உள்ளே விட்டால் வழவழப்பாக இருக்கும், அது கிருமிப் படலம். ஒவ்வொரு கேன் மாற்றும்போதும் வெந்நீரில் அலசிவிடுங்கள்.

விலை இடத்துக்கு இடம் 30 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை போகிறது, மாடிக்குத் தூக்கிவந்தால் அதற்குத் தனியாக ஐந்தோ பத்தோ கேட்பார்கள், அது நியாயமும்கூட. நான்கு பேர் இருக்கிற வீட்டில் குடிக்க மட்டும் ஆளுக்கு இரண்டு லிட்டர் வைத்தால் 8 லிட்டர், சோறு வடிக்க, குழம்பு வைக்க என்று சேர்த்தால் இரண்டு நாளைக்கு ஒரு கேன் போதாது. மாதம் இருபது கேன், 40 ரூபாய் என்றால் 800, வருடத்துக்கு 9,600. இரண்டு வருடத்தில் ஒரு மெஷின் விலையைத் தாண்டிவிடும். இதைப் பார்த்து மிரண்டு கேன் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள், குறைவது குடிக்கிற தண்ணீர். கேனை நான் முதல் இடத்தில் வைக்காததற்கு அதன் தரம் காரணமில்லை, செலவுக்குப் பயந்து இப்படிக் கையைச் சுருக்கிக்கொள்வதுதான் காரணம்.

மெஷின் என்றால் எல்லாருக்கும் ஆர்.ஓ. தான் ஞாபகம் வருகிறது, ஆனால் இரண்டு வேறு வேறு வேலை இருக்கிறது. யு.வி. மெஷின் புற ஊதா வெளிச்சத்தால் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகாது. தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்.ஓ. மெஷின் உப்பையும் கிருமியையும் சேர்த்து வடிக்கும், ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். தண்ணீருக்கு வரிசையில் குடம் வைக்கிற ஊரில் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது. இந்தியக் குடிநீர்த் தரத்திலும் 500 வரைக்கும் ஏற்புடையது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. இந்தக் கரைந்த உப்பின் அளவை (டி.டி.எஸ்.) காட்டுகிற, பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தெருவுக்கு ஒன்று வாங்கினாலே போதும், எல்லா வீட்டிலும் சோதித்துப் பார்த்துவிடலாம். மெஷின் விற்க வருகிறவர் அந்த மீட்டரைக் காட்டி, எண் குறைந்தால் சுத்தம் கூடியது என்பார். அந்த மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டவே காட்டாது. எண் 50 காட்டுகிற தண்ணீரில் டைஃபாய்டு கிருமி இருக்கலாம், 400 காட்டுகிற தண்ணீர் முழுக்கப் பாதுகாப்பாக இருக்கலாம்.

ஆர்.ஓ. உண்மையிலேயே தேவைப்படுவது போர் தண்ணியை நம்பி இருக்கிற வீட்டுக்கு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் ஏறியது பல பத்தாண்டுக் கதை, கரையோரம் திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் உப்புச் சுவை தெரிகிற கிணறுகள் உண்டு. மெட்ரோ தண்ணியும் போர் தண்ணியும் ஒரே சம்ப்பில் கலக்கிற ஃபிளாட்டுகளிலும் டி.டி.எஸ். ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருக்கும், அங்கேயும் ஆர்.ஓ. சரி. ஆனால் எல்லா போர் தண்ணிக்கும் ஆர்.ஓ. மருந்தாகாது. தண்டையார்பேட்டையில் 2013-ல் பூமிக்கடியில் கசிந்த எண்ணெய் வீட்டு போர்களில் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். பெட்ரோல், டீசல் வாடை அடிக்கிற தண்ணீரை எந்த வீட்டு மெஷினில் விட்டும் குடிக்கக் கூடாது. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கைச் சுற்றியும், மணலி ஆலைகளைச் சுற்றியும் இருக்கிற வீடுகள் போர் தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல் இருப்பதே நல்லது, துவைக்க, கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ. மெஷின் வாங்கினால் விலையோடு முடியாது. ஃபில்டர் மாற்ற, சர்வீஸ் பார்க்க என்று வருடா வருடம் சில ஆயிரம் போகும், அதைச் செய்யாவிட்டால் மெஷின் இருந்தும் இல்லாத மாதிரிதான். வெளியே தள்ளுகிற தண்ணீரை ஒரு டியூப் போட்டு வாளியில் பிடித்து வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற எடுங்கள். இன்னொரு பக்கம், மெஷினுக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: திறந்தால் வருகிறது, தீர்ந்துபோகும் பயம் இல்லை. மெஷின் மாட்டிய வீட்டில் பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன், யாரும் அளப்பதில்லை. அதே குணம் யு.வி. மெஷினுக்கும் உண்டு, நல்ல மெட்ரோ இணைப்பு இருக்கிற சொந்த வீட்டுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

வாரியத்தின் லாரி தண்ணி, தெரு சின்டெக்ஸ் தண்ணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் மெட்ரோ தண்ணிதான், ஆனால் தொட்டி, ஹோஸ், குடம் என்று பல கை மாறி வருவதால் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

வீட்டில் எதை வைத்தாலும் பாதி நாள் வெளியில்தான் கழிகிறது, அங்கேதான் பலருக்குத் தண்ணீர் நின்றுபோகிறது. எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கிற பெண், காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா, ஹார்பருக்குள் போக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற டிரெய்லர் டிரைவர் அண்ணன், இவர்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தண்ணீர் இல்லாதது அல்ல, கழிவறை இல்லாதது. குடித்தால் போக வேண்டி வரும், போக இடம் இல்லை, அதனால் காலையில் இருந்தே குடிப்பதில்லை. இதற்கு எந்த மெஷினும் பதில் இல்லை. கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: குடிக்கத் தண்ணீர் வைப்பதோடு, பூட்டாத, வெளிச்சம் உள்ள, தாழ்ப்பாள் சரியாக விழுகிற ஒரு கழிவறையைப் பெண்களுக்குக் கொடுங்கள். தொழிற்சாலையில் குடிநீரும் கழிவறையும் இருக்க வேண்டும் என்று 1948-லேயே சட்டம் சொன்னது. கடை ஊழியர்கள் உட்கார்ந்துகொள்ள இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. உட்கார நாற்காலி கொடுத்தவர்களால் இதையும் கொடுக்க முடியும்.

வெளியில் தாகத்துக்கு எதை வாங்குவது என்றால், மோர் முதலில். தண்ணீரும் உப்பும் சேர்ந்து போகிறது, வியர்வையில் போனது இரண்டும்தான். தள்ளுவண்டிக் கம்பங்கூழும் அப்படியே, மோர் ஊற்றி உப்புப் போட்டுக் கொடுப்பதால் பசியும் அடங்கும், ஆனால் அந்த வண்டியில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இளநீர் நல்லதுதான், இன்றைய விலையில் தினமும் முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதிலிருக்கிற பொட்டாசியத்தால் டாக்டரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. கோலா மாதிரியான பாட்டில் பானங்களில் 250 மில்லியில் 26 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது ஐந்து ஆறு ஸ்பூன், தாகத்துக்கு அது வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்தால் வெறும் தண்ணீரும் போதாது, ஜூஸும் கூடாது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிற ஓ.ஆர்.எஸ். பொடியை, அதே பாக்கெட்டில் சொல்லியிருக்கிற அளவு தண்ணீரில் முழுசாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரைப் பாக்கெட், கால் பாக்கெட் என்று கண் அளவில் போடக் கூடாது.

தண்ணீர் நல்லது என்பதற்காக ஒரே மூச்சில் மூன்று நான்கு லிட்டர் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், இதயம் பலவீனமாகி கால் வீங்குகிறவர்கள் ஆகியோருக்கு டாக்டர் அளவு சொல்லியிருப்பார், அவர்கள் அந்த அளவைத் தாண்டவே கூடாது, நான் மேலே சொன்ன எதுவும் அவர்களுக்கு இல்லை. வயதானவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, வயது ஏற ஏறத் தாகம் மந்தமாகிவிடும், உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் ஆயாவுக்குக் கேட்கத் தோன்றாது. அவர் உட்காருகிற இடத்துக்குக் கை எட்டுகிற தூரத்தில், அவரால் தூக்க முடிகிற சின்னச் சொம்பில் வைத்து, மாத்திரை நேரத்துக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் ஒரு டம்ளர் என்று பழக்கிவிடுங்கள்.

ஆக என் தேர்வு வீட்டைப் பொறுத்து இப்படி. தினம் மெட்ரோ தண்ணி வருகிறது, டி.டி.எஸ். 500-க்குள் என்றால் யு.வி. மெஷின், அதற்குப் பணம் இல்லாவிட்டால் கொதிக்க வைத்துப் பானை. போர் கலந்த, உப்பான தண்ணீர் என்றால் ஆர்.ஓ., சர்வீஸ் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு. எண்ணெய் வாடை, ரசாயன வாடை வருகிற இடம் என்றால் கேன் அல்லது லாரி தண்ணியைக் கொதிக்க வைத்தது, வேறு எதுவும் இல்லை. வாடகைக்கு அடிக்கடி வீடு மாறுகிறவர்கள், குழாய் இல்லாதவர்கள் கேனிலேயே இருங்கள், சமையலுக்கு மட்டும் கொதிக்கிற பாத்திரத்தில் மெட்ரோ தண்ணியை ஊற்றிவிட்டு கேனைக் குடிக்க ஒதுக்குங்கள். கேன் வீட்டுக்கு இன்னொன்றும் கண்டிப்பாக வேண்டும், ஒன்று ஓடும்போது இன்னொன்று நிறைந்த நிலையில் மூலையில் நிற்கிற மாதிரி இரண்டாவது கேன். அதற்கு ஒரு முறை டெபாசிட் கேட்பார்கள், கடையை மாற்றும்போது திரும்பி வரும். மெஷினுக்குச் சீட்டுப் போடுவதை அப்புறம் யோசிக்கலாம், இந்த வாரம் அந்த டெபாசிட்டைக் கொடுத்துவிடுங்கள்.